40 லட்சம் வரி உள்ள இரண்டு டெக்ஸ்ட் ஃபைல்களை ஒப்பிட வேகமான வழி?

கதிர்நிலா:
வணக்கம். ஒரு நூலக மென்பொருளுக்காக புத்தகப் பட்டியல் தினமும் இரவு டெக்ஸ்ட் ஃபைலாக வருகிறது. சுமார் 40 லட்சம் வரி, ஒவ்வொன்றிலும் ஐஎஸ்பிஎன் (புத்தக அடையாள எண்), தலைப்பு, ஆசிரியர், விலை, நடுவில் நெடுங்கோடு. நேற்றைய ஃபைலையும் இன்றைய ஃபைலையும் வைத்து எது புதிது, எது போய்விட்டது, எதில் தலைப்போ விலையோ மாறியிருக்கிறது என்று மூன்று பட்டியல் எடுக்க வேண்டும். வரிகள் இரண்டிலும் ஒரே வரிசையில் இல்லை, அதனால் வரிசைப்படி ஒப்பிடும் டிஃப் கட்டளை உதவாது. இப்போது பைத்தானில் இரண்டையும் லிஸ்ட்டில் ஏற்றி, இன்றைய ஒவ்வொரு வரியையும் நேற்றைய லிஸ்ட்டில் தேடுகிறேன். ராத்திரி ஓடவிட்டால் விடிந்தும் முடிவதில்லை. சர்வரில் 4 ஜிபி ராம்தான் இருக்கிறது.

செம்மண்:
லிஸ்ட்டில் தேடுவதுதான் பிரச்சினை. லிஸ்ட்டில் இருக்கிறதா என்று கேட்டால் பைத்தான் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும், 40 லட்சத்தை 40 லட்சத்தால் பெருக்கினால் 16 லட்சம் கோடி, அதில் பாதி என்றாலும் எந்த சர்வரும் திணறும். டிக்‌ஷனரிக்கு மாறுங்கள், அதில் கீயை (தேடும் சொல்லை) கொடுத்தால் அதற்குரிய மதிப்பு நேராகக் கிடைக்கும். நேற்றைய ஃபைலை மட்டும் வரி வரியாகப் படித்து, ஐஎஸ்பிஎன்னை கீயாகவும் மீதி வரியின் ஹாஷை (வரியிலிருந்து கணக்கிடும் சிறு கைரேகையை) மதிப்பாகவும் போடுங்கள். முழு வரியையும் ராமில் வைத்திருக்க அவசியமே இல்லை, பிளேக்2பி என்ற ஹாஷ் முறையில் 16 பைட் போதும். அப்புறம் இன்றைய ஃபைலை ஓட்டுங்கள்: கீ இல்லை என்றால் புதிது, இருந்து ஹாஷ் வேறு என்றால் மாறியது, எப்படியிருந்தாலும் பார்த்த கீயை பாப் செய்து, அதாவது எடுத்து நீக்கிவிடுங்கள். கடைசியில் டிக்‌ஷனரியில் மிஞ்சுவதுதான் நீக்கப்பட்டவை. இரண்டு ஃபைலையும் ஆளுக்கு ஒரு தடவை படிப்பதோடு வேலை முடிகிறது, 4 ஜிபி தாராளம்.

இன்னொன்று, பைத்தானின் சொந்த ஹாஷ் ஃபங்ஷனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம். ஸ்ட்ரிங்குக்கு அது ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் வேறு எண் தரும், நாளைக்கு என்று ஃபைலில் சேமித்து வைத்தால் எல்லா வரியும் மாறியதாகக் காட்டும்.

வடக்குவீதி:
செம்மண் சொன்னது சரி, ஆனால் அதற்கு முன்னால் கீயைச் சுத்தம் செய்யுங்கள், இதை விட்டால் மீதி எல்லாம் வீண். ஐஎஸ்பிஎன் சில வரியில் 978-81 என்று கோடு போட்டும் சில வரியில் கோடில்லாமலும் வரும். 2007-க்கு முந்தைய புத்தகங்களுக்கு 10 இலக்க எண்தான் இருக்கும், அதன் கடைசி இடத்தில் எக்ஸ் பெரிதாகவோ சிறிதாகவோ வரலாம். எல்லாவற்றையும் 13 இலக்கமாக்கிவிடுங்கள்: முன்னால் 978 சேர்த்து, கடைசிச் சரிபார்ப்பு இலக்கத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும், பழையதை அப்படியே விடக்கூடாது.

தலைப்பு தமிழில் இருந்தால் இன்னும் கவனம். 'கொ' ஒரு ஃபைலில் க-வும் ஒற்றைக் குறியுமாக இருக்கும், இன்னொன்றில் க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாக இருக்கும். திரையில் ஒன்றுபோலத் தெரியும், பைட்டுகள் வேறு. ஹாஷ் எடுக்கும் முன் என்எஃப்சி நார்மலைசேஷன் (ஒரே எழுத்தின் வேறு வடிவங்களை ஒன்றாக்கும் யூனிகோட் முறை) செய்தால் இது தீரும். ஆனால் ஔகாரக் குறி போட்ட 'கௌ'வையும் கொம்பும் ள-வும் சேர்த்துத் தட்டிய 'கெள'வையும் என்எஃப்சி ஒன்றாக்காது, அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். ஃபைல் தொடக்கத்தில் பாம் குறி (யூனிகோட் ஃபைல் என்று காட்டும், கண்ணுக்குத் தெரியாத குறி) இருந்தால் முதல் வரியின் கீ மட்டும் பொருந்தாமல் போகும், பைத்தானில் என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்துத் திறங்கள்.

கதிர்நிலா:
மிக்க நன்றி இருவருக்கும். இரண்டு சந்தேகம். பட்டியல் நாளைக்குப் பல கோடி வரியானால் என்ன செய்வது? ஒரே ஐஎஸ்பிஎன் ஒரே ஃபைலில் இரண்டு முறை வந்தால்?

செம்மண்:
ராமில் அடங்காத அளவுக்கு வந்தால் சார்ட், அதாவது வரிசைப்படுத்துவதுதான் வழி. சுத்தம் செய்த ஃபைல்கள் இரண்டையும் லினக்ஸ் சார்ட் கட்டளையில் போடுங்கள், அது ராம் போதாதபோது துண்டு துண்டாக டிஸ்க்கில் எழுதி இணைத்துக்கொள்ளும், தற்காலிக ஃபைலுக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். எழுத்து வரிசையைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் என்ற சூழல் மாறியை சி என்று வைத்துவிட்டு ஓட்டுங்கள். வேகமும் கூடும், வரிசையும் பைட் வரிசையாக இருக்கும். இதை விட்டால் சார்ட் ஒரு வரிசையிலும் உங்கள் நிரல் வேறு வரிசையிலும் ஒப்பிட்டு, எரர் எதுவும் காட்டாமலே தப்பான பட்டியல் தரும். அப்புறம் இரண்டு ஃபைலிலும் ஒரே நேரத்தில் ஒவ்வொரு வரியாகப் படித்து, எதன் கீ சிறியதோ அதை மட்டும் முன்னே நகர்த்துங்கள். ராமில் இரண்டே வரிதான் இருக்கும்.

இரட்டை எண் நல்ல கேள்வி. நான் சொன்ன பாப் முறையில் இன்றைய ஃபைலில் இரண்டாவது தடவை வரும் எண் 'புதிது' பட்டியலில் விழும். அதனால் பாப் செய்யாமல், பார்த்த கீகளை ஒரு செட்டில் (பைத்தானின் ஒரு தொகுப்பு வகை) போட்டு வையுங்கள்; அப்போது டிக்‌ஷனரியில் இருந்து செட்டில் இல்லாதவைதான் நீக்கப்பட்டவை. ஏற்கனவே செட்டில் இருக்கும் கீ மறுபடி வந்தால் நான்காவதாக ஒரு பட்டியலுக்கு அனுப்புங்கள். நேற்றைய ஃபைலை ஏற்றும்போதும் கீ முன்பே இருக்கிறதா என்று பாருங்கள், டிக்‌ஷனரி சத்தமில்லாமல் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துக்கொள்ளும். அந்த நான்காவது பட்டியலை ஃபைல் அனுப்புகிறவர்களிடமே கொடுத்துவிடுங்கள், எந்த வரி சரி என்று அவர்கள்தான் சொல்ல முடியும்.