‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’, ‘கண்கள் இரண்டால்’: இந்த இரண்டு பாடல்களுக்கும் என்ன உறவு?

வைகைக்கரை வாசகி கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். எனக்கு மிகவும் பிடித்த திரைப்பாடல் எது என்று யார் கேட்டாலும், ‘கவிக்குயில்’ படத்தின் ‘சின்னக் கண்ணன் அழைக்கிறான்’ என்று தயங்காமல் சொல்வேன். 1977இல் வெளிவந்த அந்தப் படத்துக்காகப் பஞ்சு அருணாசலம் எழுதி, இளையராஜா இசையமைத்த பாடல் அது. எஸ். ஜானகி பாடிய வடிவமும் எனக்குப் பிடிக்கும் என்றாலும், பாலமுரளிகிருஷ்ணா பாடியதைக் கேட்கும்போது கைவேலையை அப்படியே நிறுத்திவிடுவேன். எந்த இடத்திலும் குரலை அழுத்தாமல், பக்கத்தில் அமர்ந்து பேசுகிறவரைப் போல அவர் பாடுகிறார்.

கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு ‘சுப்பிரமணியபுரம்’ படத்தின் ‘கண்கள் இரண்டால்’ என்றால் உயிர். ஜேம்ஸ் வசந்தன் இசையில், தாமரையின் வரிகளை பெள்ளி ராஜும் தீபா மிரியமும் பாடிய பாடல், 2008இல் வந்தது. எங்கள் வீட்டில் மாலைச் சமையல் முடியும்வரை நானும் அவளும் மாறி மாறிப் பாட்டுப் போடுவது வழக்கம். சென்ற வாரம் இந்த இரண்டும் அடுத்தடுத்து ஒலித்தபோது, ஒன்றின் ஏக்கம் மற்றொன்றில் தொடர்வதாக எனக்குத் தோன்றியது. வரிகளில் ஒற்றுமை இல்லை, வாத்தியங்களிலும் இல்லை, இடையில் 31 ஆண்டுகள் கடந்திருக்கின்றன. அப்படியிருந்தும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் முகச்சாயல் போல ஏதோ ஒன்று இரண்டிலும் இருக்கிறது. நான் சங்கீதம் முறையாகக் கற்றவள் அல்ல. இது என் பிரமையா, உண்மையிலேயே உறவு உண்டா? உண்டென்றால், இதே சாயலுள்ள வேறு பாடல்களையும் சொல்லுங்கள். மகளோடு சேர்ந்து கேட்க ஆசைப்படுகிறேன்.

தம்பூரா எழுதுகிறார்:

அம்மா, உங்கள் செவி சரியாகவே சொல்லியிருக்கிறது. இரண்டு பாடல்களும் ரீதிகௌளை ராகத்தில் அமைந்தவை. 22ஆவது மேளமான, அதாவது தாய் ராகமான, கரகரப்பிரியாவில் பிறந்த ராகம் அது.

இந்த ராகம் படிப்படியாக ஏறி இறங்குவதில்லை. ஸ்வரங்கள் ஏறும் வரிசையான ஆரோகணம் ‘ஸ க ரி க ம நி த ம நி நி ஸ’ என்று வளைந்து போகும். காந்தாரத்தை (க) தொட்டுவிட்டு ரிஷபத்துக்கு (ரி) திரும்பி, மறுபடி காந்தாரத்துக்கு வந்து, அதன் பிறகே மத்திமத்துக்கு (ம) போகிறது. மேலே போகும் வழியில் பஞ்சமத்தை (ப) விட்டுவிடுகிறது. இறங்கும்போது மட்டும் ‘ம க ம ப ம க ரி ஸ’ என்று பஞ்சமத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வருகிறது. முன்னே வைத்த அடியைப் பின்வாங்கி மறுபடி எடுத்துவைக்கும் இந்த நடையைத்தான் நீங்கள் ஏக்கம் என்று உணர்கிறீர்கள் என்பது என் எண்ணம். உச்சிக்குப் போகும் முன் நிஷாதத்தில் (நி) இரண்டு முறை நின்று ஷட்ஜத்தை (ஸ) சேரும் ‘நி நி ஸ’ என்ற பிடியும் இந்த ராகத்துக்கே உரிய அடையாளம். முதலில் ‘சின்னக் கண்ணன்’ பல்லவியைச் சொற்களில்லாமல் மெல்ல முனகிப் பாருங்கள். பிறகு ‘கண்கள் இரண்டால்’ பல்லவியையும் அதே சுருதியில் முனகுங்கள். வாத்தியமும் வரியும் விலகியதும் முகச்சாயல் இன்னும் தெளிவாகத் தெரியும். ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுங்கள்: திரைப்பாடல் கச்சேரி இலக்கணத்தை அடிக்கு அடி காப்பதில்லை. இசையமைப்பாளர் வேறு ஸ்வரங்களைச் சேர்ப்பார், இடையிசையில் ராகத்தை விட்டு வெளியேயும் போய் வருவார். அது அவர்களுக்குரிய உரிமை.

கச்சேரி மேடையில் இந்த ராகத்தைக் கேட்க விரும்பினால், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி இயற்றிய ‘ஜனனி நின்னுவினா’விலிருந்து தொடங்குங்கள். மிஸ்ர சாபு தாளத்தில் நிதானமாக நகரும் அந்தக் கீர்த்தனையில் ராகத்தின் ஒவ்வொரு வளைவும் துலக்கமாகக் காணக் கிடைக்கும். தமிழில் வேண்டுமென்றால் பாபநாசம் சிவனின் ‘தத்துவமறியத் தரமா’ இருக்கிறது.

திரையில் எனக்கு மிக நெருக்கமானது, ஸ்ரீதர் இயக்கி 1983இல் வெளிவந்த ‘ஒரு ஓடை நதியாகிறது’ படத்தின் ‘தலையைக் குனியும் தாமரையே’. அதே இளையராஜா, அதே ராகம். ஆனால் ‘சின்னக் கண்ணன்’ பக்தியின் பக்கம் சாய்ந்து நிற்க, இது நாணமும் சிருங்காரமும் கலந்து வருகிறது. எஸ். பி. பாலசுப்ரமணியம் ‘தாமரையே’ என்று முடிக்கும் இடத்தை ஒரு முறை கவனித்துக் கேளுங்கள். 1998இல் வந்த ‘பூந்தோட்டம்’ படத்தின் ‘மீட்டாத ஒரு வீணை’யும், 2006இல் வித்யாசாகர் இசையில் ‘தம்பி’ படத்துக்காக வந்த ‘சுடும் நிலவு’ம் இதே ராகத்தைச் சேர்ந்தவை. ‘முதல்வன்’ படத்தின் ‘அழகான ராட்சசியே’யும் அப்படித்தான் என்று சொன்னால் உங்கள் மகள் வியக்கக்கூடும்.

பழைய இசைத்தட்டு எழுதுகிறார்:

தம்பூரா அவர்களின் விளக்கத்தை மதிக்கிறேன். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும், ஒரு பாட்டை நாம் நேசிப்பதற்கு ராகமே காரணம் என்ற முடிவுக்கு வந்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ரீதிகௌளையில் அமைந்த எல்லாப் பாடல்களும் நம்மைக் கட்டிப்போடுவதில்லை அல்லவா?

‘கண்கள் இரண்டால்’ பாட்டின் தொடக்கத்தை நான் முதலில் கேட்டபோது, என் மனம் 1960இல் வெளிவந்த ‘மன்னாதி மன்னன்’ படத்துக்குப் போனது. கண்ணதாசன் எழுதி, விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் பி. சுசீலா பாடிய ‘கண்கள் இரண்டும் என்று உம்மைக் கண்டு பேசுமோ’ என்ற பாடல்தான் காரணம். இரண்டு பாடல்களிலும் காதலைச் சுமப்பவை கண்களே. ஆனால் பழைய பாட்டில் அவை காணாமல் காத்திருக்கும் கண்கள், புதியதில் பார்த்த நொடியிலேயே சிக்கிக்கொண்ட கண்கள். மெட்டில் இரண்டும் வெவ்வேறு உலகம். எனக்கு அந்த இரண்டும்தான் உடன்பிறப்புகள்; இதற்கு எந்த ராகமும் சாட்சி சொல்ல வராது.

சுசீலாவின் அந்தப் பாட்டில் என்னை இன்றும் உருக்குவது ‘பேசுமோ’ என்ற சொல்லின் முடிவு. கேள்வியைக் கேட்டுவிட்டு, விடை வராது என்று தெரிந்தவளின் குரல் அது. அந்தக் காலத்தில் பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒன்றாகக் கூடி, ஒரே மூச்சில் ஒலிப்பதிவு செய்தார்கள். ஒருவர் பிசகினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு இவ்வளவு நுணுக்கத்தை ஒரு சொல்லில் வைத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போது என் மரியாதை கூடுகிறது. 1963இல் வந்த ‘ஆனந்த ஜோதி’ படத்தின் ‘நினைக்கத் தெரிந்த மனமே’யையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் அம்மா, மறக்க முடியாமல் மனத்தோடு வழக்காடும் ஒரு பெண்ணை இவ்வளவு எளிய சொற்களில் வேறு எங்கும் நான் கேட்டதில்லை.

நெய்தல் எழுதுகிறார்:

இதே போன்ற இன்னொரு ஜோடியைச் சொல்கிறேன். ‘கலைஞன்’ (1993) படத்தில் இளையராஜா இசையில் யேசுதாஸும் ஜானகியும் பாடிய ‘எந்தன் நெஞ்சில்’ பாடலைக் கேட்டுவிட்டு, ஏ. ஆர். ரஹ்மானின் ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’ (2000) படத்தின் தலைப்புப் பாடலைக் கேளுங்கள். இரண்டும் நளினகாந்தி ராகம். அதே ராகத்தில் அமைந்த தியாகராஜரின் ‘மனவ்யாலகிஞ்சரா’ கீர்த்தனையை யாராவது துரிதமாகப் பாடக் கேட்டிருந்தால், ஹரிஹரன் தொடங்கியதுமே அந்தத் துள்ளலை அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

வைகைக்கரை வாசகி எழுதுகிறார்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தம்பூரா ஐயா சொன்னபடியே இரண்டு பல்லவிகளையும் சொற்களில்லாமல் முனகிப் பார்த்தோம். முதலாவதை முனகிக்கொண்டே போன என் மகள், நடுவில் தன்னையறியாமல் இரண்டாவதுக்குள் நுழைந்துவிட்டாள்! அதற்குப் பிறகு ‘தலையைக் குனியும் தாமரையே’ அவளுக்கும் பிடித்துவிட்டது. இசைத்தட்டு ஐயா சொன்ன ‘மன்னாதி மன்னன்’ பாட்டை என் தாயார் பாடி நானும் கேட்டிருக்கிறேன்; ‘பேசுமோ’ என்ற அந்த இடத்தை நீங்கள் சுட்டிய பிறகு கேட்டால் தொண்டை அடைக்கிறது.

ஒன்றை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. ‘அழகான ராட்சசியே’யில் எவ்வளவு தேடியும் அந்த ஏக்கம் எங்கள் செவிக்குப் படவில்லை. திருவிழாக் கூட்டத்துக்குள் நிற்பது போலத்தான் இருக்கிறது. ராகம் அதுவேயானால், ஏக்கம் எங்கே போயிற்று?

தம்பூரா எழுதுகிறார்:

நல்ல கேள்வி, அம்மா. இங்கேதான் பழைய இசைத்தட்டு அவர்களின் எச்சரிக்கைக்கு நான் முழுமனதோடு உடன்படுகிறேன். ராகம் ஒரு சாத்தியத்தைத் தருகிறது; அதை எந்தப் பக்கம் திருப்புவது என்பது இசையமைப்பாளரின் கையில் இருக்கிறது. 1999இல் வைரமுத்துவின் வரிகளுக்கு மெட்டமைத்த ரஹ்மான், ரீதிகௌளையை எடுத்துவந்து நாட்டுப்புறத் தாளத்தின் மேல் நிறுத்திவிட்டார். ‘சின்னக் கண்ணன்’ பாட்டில் ஒவ்வொரு ஸ்வரமும் நின்று அசைவதற்கு இடம் இருக்கிறது. அந்த அசைவில்தான் ஏக்கம் ஊறுகிறது. இங்கே தாளம் முன்னே தள்ளிக்கொண்டு போவதால், அதே வளைவுகள் கொஞ்சலாகவும் குறும்பாகவும் மாறிவிடுகின்றன. பாலசுப்ரமணியத்தின் குரலில் அந்தக் குறும்பு எவ்வளவு இயல்பாக வருகிறது பாருங்கள்! ஒரே பாடகர் 1983இலும் 1999இலும் ஒரே ராகத்தில் இரண்டு வேறு மனிதர்களாகப் பாடியிருக்கிறார் என்பதே எனக்குப் பெரும் வியப்பு.

ராகத்தை அந்தப் பாட்டுக்குள் காண வேண்டுமென்றால் தாளத்தைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். வீணையிலோ வயலினிலோ தனியாக, மெதுவாக வாசித்த பதிவு கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் உங்கள் மகளையே பாதி வேகத்தில் பாடச் சொல்லுங்கள். பல்லவி முடிவதற்குள் ‘தலையைக் குனியும் தாமரையே’யின் முகம் அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும்.