பல் மருத்துவத்தில் செடேஷன் (மருந்து கொடுத்து நோயாளியைத் தூக்கக் கலக்கத்தில் வைப்பது) பயிற்சி: நாற்காலி பக்கத்தில் கை தடுமாறும் இடங்கள்

வாய், தாடை அறுவை சிகிச்சை நிபுணர்:
வகுப்புக்கு வருகிறவர்கள் செடேஷன் மருந்தான மிடாசோலத்தின் அளவை மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார்கள். காத்திருக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். 1 மி.லி.யில் 5 மி.கி. இருக்கும் ஆம்புல் என்றால் 4 மி.லி. சேலைன் சேர்த்து, மி.லி.க்கு 1 மி.கி. ஆக்கி, சிரிஞ்சில் உடனே எழுதி ஒட்டுங்கள். 1 மி.கி. கொடுத்தபின் கடிகாரத்தைப் பார்த்து முழுசாக 2 நிமிடம் விடுங்கள். "இன்னும் முழிச்சுக்கிட்டுதானே இருக்கார்" என்று ஒரு நிமிடத்திலேயே அடுத்ததை ஏற்றினால், இரண்டும் சேர்ந்து வேலை செய்யும் நேரத்தில் மூச்சு குறையும்.

மிடாசோலத்தை முறிக்கும் மருந்தான ப்ளூமாசெனில் ஆம்புல் 0.5 மி.கி. தான். 0.2 மி.கி.யில் தொடங்கி, தேவைப்பட்டால் நிமிட இடைவெளியில் மொத்தம் 1 மி.கி. வரை போகலாம் என்பதால் குறைந்தது இரண்டு ஆம்புல் வைத்திருங்கள். மிடாசோலத்துக்கு முன்பே இதன் வேகம் தணிந்துவிடும். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்று அனுப்பிவிடாமல் 2 மணி நேரமாவது கண்காணியுங்கள்.

மயக்கவியல் நிபுணர்:
டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கொஞ்ச நேரம் 98 என்றே காட்டும். வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் கேப்னோகிராஃபில் அந்த அலை சில நொடியிலேயே படுத்துவிடும். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2016 வழிகாட்டுதலில் மிதமான செடேஷனுக்கே இந்தக் கருவியைக் கேட்டது சும்மா இல்லை. அதே வழிகாட்டுதல் 60 மணி நேரப் பாடமும் 20 நோயாளிகளை நேரில் கையாண்ட பயிற்சியும் கேட்கிறது. இரண்டு நாள் வகுப்பு அதற்கு ஈடாகாது. நோயாளி வாயால் மூச்சு விட்டாலும் அலை படுக்கும் என்பதால், உடனே நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பாருங்கள்.

குழந்தைப் பல் மருத்துவர்:
குழந்தைகளிடம் மரப்பு ஊசியையும் கணக்கில் சேருங்கள். 15 கிலோ குழந்தைக்கு மரப்பு மருந்தான லிக்னோகெய்ன் கிலோவுக்கு 4.4 மி.கி. வீதம் அதிகபட்சம் 66 மி.கி. தான். 1.8 மி.லி. கார்ட்ரிட்ஜ் ஒன்றில் சுமார் 36 மி.கி. இருக்கிறது, ஆக இரண்டு முழுசாகப் போட்டாலே அளவு தாண்டிவிடும். செடேஷன் மருந்து உள்ளே இருக்கும்போது லிக்னோகெய்ன் நச்சின் முதல் அறிகுறியை வெறும் தூக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். செடேஷனுக்கு நைட்ரஸ் ஆக்சைடு வாயு கொடுத்தால் முடிவில் 5 நிமிடம் முழு ஆக்சிஜன், அதைக் குறைக்காதீர்கள்.

அசிஸ்டென்ட்களுக்குப் பயிற்சி தருபவர்:
அவசர நிலை ஒத்திகையை அவரவர் கிளினிக்கிலேயே வையுங்கள் சார். ஆக்சிஜன் சிலிண்டர் நிற்கும், அதைத் திறக்கிற சாவி மேசை டிராயருக்குள் கிடக்கும். சாவியைச் சங்கிலி போட்டு சிலிண்டர் கழுத்திலேயே கட்டுங்கள். கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கோடு குழந்தை மாஸ்க்கும் இருக்கிறதா பாருங்கள். இதயம் நின்றவருக்கு நாற்காலியைப் படுக்கவைத்து நெஞ்சை அழுத்தினால் நாற்காலியின் முதுகுப்பகுதி கூடவே கீழே போகும். உட்காரும் ஸ்டூலை அதன் அடியில் முட்டுக்கொடுத்தால் அசைவு குறையும். உயரம் பொருந்துகிறதா என்று ஒத்திகையிலேயே பார்த்து வையுங்கள்.