பெடல் அசிஸ்டுக்குத் தமிழ்ச்சொல்: மிதித்துணையா, பெடல் துணையா?

ஜெயநகரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். நம் பெங்களூருக்கு அருகே உள்ள நந்திமலையின் அடிவாரத்தில் மின்மிதிவண்டிகளை வாடகைக்கு விடும் ஒருவர், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து விடுமுறை நாட்களில் வரும் தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு சிறு கையேடு கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பெடல் அசிஸ்ட் என்பதற்கு மட்டும் சொல் அமையவில்லை. நாம் மிதித்தால்தான் மோட்டார் சேர்ந்து உந்தும். காலை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். வேகம் 25 கிலோமீட்டரை நெருங்கினால் விலகிக்கொள்ளும். முதலில் 'மின்னுதவி' என்று எழுதினேன். படித்துப் பார்த்தவர்கள், ஸ்கூட்டரைப் போல் தானே ஓடும் என்று எடுத்துக்கொண்டார்கள். கொண்டை ஊசி வளைவில் அப்படி நம்பி ஒருவர் காலை ஓய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. சொல் தாருங்கள்.

பசவனகுடியிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

அம்மா, 'மிதித்துணை' என்று எழுதுங்கள். ஆனால் நடுவில் வரும் 'த்' என்ற ஒற்றெழுத்தை அச்சகத்தார் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மிதிவண்டி என்பது வினைத்தொகை. மிதித்த, மிதிக்கின்ற, மிதிக்கும் வண்டி என முக்காலத்துக்கும் விரியும். 'மிதிதுணை' என ஒற்றின்றி எழுதினால் அதுவும் அவ்வாறே விரிந்து, நமக்காகத் தானே மிதிக்கும் துணை என்று பொருள்படும். நீங்கள் அஞ்சும் தவறு அதுவே. 'மிதித்துணை' என ஒற்று மிகுந்தால் மிதிக்குத் துணை, அதாவது மிதித்தலுக்குத் துணை என்றாகிறது. மிதி முதலில், துணை பின்னர்.

இன்னொன்றும் உண்டு. துணை என்ற சொல்லுக்கு உதவி என்பதோடு அளவு என்ற பொருளும் உண்டு. இத்துணை, எத்துணை என்று இன்றும் சொல்கிறோம். 'தினைத்துணை நன்றி செயினும் பனைத்துணையாக் கொள்வர்' என்ற குறளில் துணை அளவைத்தான் குறிக்கிறது. ஆகவே மிதித்துணை என்றால் மிதியின் அளவினது என்றும் கொள்ளலாம். எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோமோ அந்த அளவுக்கு மோட்டாரும் உந்துகிறது என்று கேள்விப்படுகிறேன். அப்படியானால் இந்த ஒரு சொல்லுக்குள் உதவியும் அளவும் சேர்ந்தே நிற்கின்றன. வேறு சொல் தேட வேண்டியதில்லை.

அல்சூரிலிருந்து பொறியாளர்

ஐயாவின் இலக்கணத்தை ஏற்கிறேன். அளவு என்ற விளக்கத்தை முழுவதும் ஏற்க இயலவில்லை. மிதியின் அழுத்தத்தை அளக்கும் டார்க் சென்சார் உள்ள வண்டியில் ஐயா சொல்வது அப்படியே நடக்கிறது. விலை குறைந்த பல வண்டிகளில் இருப்பதோ கேடன்ஸ் சென்சார். பெடல் சுற்றுகிறதா என்பதை மட்டுமே அது பார்க்கும். மெல்ல மிதித்தாலும் அழுத்தி மிதித்தாலும், தேர்ந்தெடுத்த நிலைக்கு உரிய உந்துதலையே தரும். வாடகை வண்டிகள் எந்த வகை என்று கேட்டுச் சொல்லுங்கள் அம்மா.

என்னுடைய கவலை வேறு. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரியில் இருப்பது 360 வாட்-மணி. வண்டியும் ஆளுமாக 100 கிலோவை 400 மீட்டர் உயர்த்தவே ஏறத்தாழ 109 வாட்-மணி வேண்டும். மோட்டாரில் வெப்பமாக வீணாவது தனி. நந்திமலை உச்சி 1,478 மீட்டர், பெங்களூரோ சுமார் 920 மீட்டர் என்பதால், இங்கும் ஏற்றம் சில நூறு மீட்டர். தொடக்கத்திலேயே மிக அதிக உந்துதல் தரும் டர்போ நிலையில் வைத்து, கனமான கியரில் மெல்ல ஏறுகிறவருக்குப் பேட்டரி வேகமாகக் கரையும். சக்கரத்தின் நடுவில் மோட்டார் உள்ள வண்டியானால், செங்குத்தில் மெதுவாகச் சுழன்று மோட்டாரும் சூடேறும். எனவே துணையின் படிகளுக்கும் பெயர் வேண்டும்: சிறுதுணை, நடுத்துணை, பெருந்துணை.

சிவாஜிநகரிலிருந்து பள்ளி ஆசிரியை

ஐயா, 'சிறுதுணை' என்று படிக்கிறவர் மலையடிவாரத்தில் ஹெல்மெட்டை மாட்டியபடி நிற்கிறார். கைப்பிடியின் திரையில் அவர் பார்ப்பது ஈகோ, டூர், டர்போ. அச்சொற்களை அப்படியே தமிழெழுத்தில் கொடுத்துவிட்டு, எந்த ஏற்றத்துக்கு எது என்று ஒரு வரி எழுதுவதே அவருக்கு உதவும். என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் பேசுகிறவர்கள். 'பெடல் பண்ணு' என்றுதான் சொல்வார்கள். இயற்சொல், திரிசொல், வடசொல்லோடு, வேற்று நிலத்திலிருந்து வந்த திசைச்சொல்லுக்கும் தொல்காப்பியர் இடம் கொடுத்திருக்கிறாரே. 'பெடல் துணை' என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பசவனகுடியிலிருந்து தமிழாசிரியர்

அம்மா, திசைச்சொல் என்று உரையாசிரியர்கள் காட்டியது செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரு நிலங்களின் வழக்கை. அது எல்லையற்ற அனுமதி அன்று. பெடலுக்கு மிதி என்ற சொல் நம்மிடம் இல்லாவிட்டால் வாதாடியிருக்க மாட்டேன். அது மூன்று வயதுக் குழந்தைக்கும் தெரிந்த சொல். அத்துடன், கையேட்டின் அட்டையில் 'மலைச்சவாரி' என்று இருப்பதைக் கண்டேன். ஊர்தல் என்ற நல்ல வினைச்சொல் இருக்கிறது. சிவிகையில் ஏறிச் செல்பவனை 'ஊர்ந்தான்' என்று வள்ளுவர் சொல்கிறார்.

சிவாஜிநகரிலிருந்து பள்ளி ஆசிரியை

இன்று ஊர்வது எறும்பும் பாம்பும், ஐயா. மலையில் மகிழ்ந்து போகிறவரை ஊர்கிறார் என்று எழுதினால் வண்டி நகரவில்லை என்றே புரிந்துகொள்வார்கள். சவாரி இருக்கட்டும்.

ஜெயநகரிலிருந்து மொழிபெயர்ப்பாளர்

விசாரித்துவிட்டேன்: அங்கே இரு வகை வண்டிகளும் உள்ளன. நால்வரில் மூவர் மிதித்துணையை ஒப்புவதால் அதையே இடுகிறேன். முதல் பக்கத்திலேயே 'நீங்கள் பெடலை மிதிக்கும்போது மட்டும் மோட்டார் தரும் உந்துதல்' என்ற விளக்கமும் வரும். படிகள் ஈகோ, டூர், டர்போ என்றே இருக்கும். அட்டையில் சவாரிதான். ஒற்றை நானே இருமுறை சரிபார்ப்பேன், ஐயா.

சிவாஜிநகரிலிருந்து பள்ளி ஆசிரியை

விளக்கத்தில் 'பெடலை' என்று எழுதித்தானே புரியவைக்க வேண்டியிருக்கிறது, அம்மா? என் மாற்றுக் கருத்து அப்படியே நிற்கிறது. மறுபதிப்பு வரும்போது மீண்டும் கேட்பேன்.