அந்தப் பாட்டு 200 வருடப் பழசு இல்லை

எல்லோருக்கும் வணக்கம்.

நேற்று நம் குழுவில் வந்த பாட்டை நானும் கேட்டேன். "200 வருடப் பழமையான மலையகத் தாலாட்டு" என்று மேலே எழுதி, பின்னால் வயலின் எல்லாம் சேர்த்து, அழுகிற மாதிரி இழுத்து இழுத்துப் பாடியிருக்கிறார்கள். அனுப்பியவர் கோபித்துக்கொள்ள வேண்டாம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பாட்டே கொழுந்து (தேயிலைத் துளிர்) நிறுக்கிற கதை. 200 வருடம் என்று 1823-ஐ வைத்துப் பார்த்தால், அப்போது நம் ஆட்கள் இலங்கை மலையகத்துக்கு வந்தது கோப்பித் தோட்ட வேலைக்கு. வெள்ளைக்காரர் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துர என்ற இடத்தில் தோட்டமாகத் தேயிலை போட்டதே 1867-இல்தான். சரி, அதுகூடப் போகட்டும், பாட்டில் கிலோ வருகிறதே! நம் பாட்டிமார் காலத்தில் எல்லாம் றாத்தல் (பவுண்டு) கணக்கு அல்லவா?

அது நம் தோட்டத்து மேல் டிவிசன் (மேல் பிரிவு) அக்கா கட்டிய பாட்டு. சாவு வீட்டில் ஒப்பாரிக்கு முதலில் தேடுவார்களே, அவர்தான். பாட்டு பிறந்த அன்றைக்கு நான் பக்கத்தில் நின்றேன், எனக்கு 9 வயது. நல்ல மழை. பிள்ளைக்காம்பராவிலிருந்து (வேலை நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற இடம்) மகனைத் தூக்கிக்கொண்டு நேரே கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு வந்திருந்தார், இடுப்பில் சுற்றிய படங்குத் துணி சொட்டச் சொட்ட, விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. பயலுக்கு மூன்று வயது இருக்கும். கூடையைக் கொட்டியதுதான் தாமதம், உள்ளே ஏறி உட்கார்ந்துகொண்டு 'என்னையும் நிறு' என்று ஒரே பிடிவாதம். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே கூடையைக் கொக்கியில் மாட்டினார். முள் 13-இல் நின்றது. "பதினொண்ணு!" என்றார். வழக்கம்போலக் கூடைக்கும் தண்ணிக்கும் கழிவு. எல்லோரும் சிரித்தார்கள், அக்காவும் சிரித்தார், லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகளுக்கு) போகிற வழியிலேயே பாட்டு வந்துவிட்டது:

பதிமூணு கிலோ மகன
பதினொண்ணா எழுதுனாங்க
கூடைக்கு ஒண்ணு போச்சோ
கொட்டும் மழைக்கு ஒண்ணு போச்சோ
அரைப்பேரு போட்டாலும் அழுகாத கண்ணே
அம்மாவுக்கு நீதானே முழுப்பேரு கண்ணே

(வெளிநாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு: சொன்ன கிலோ எடுக்காவிட்டால் அன்றைக்கு அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்.)

அப்புறம், இது தாலாட்டே இல்லை. பிள்ளையை முழங்காலில் வைத்துக் குலுக்கிக்கொண்டு வேகமாகப் பாட வேண்டும். 'முழுப்பேரு' வரும்போது வயிற்றில் கிச்சுக்கிச்சு மூட்டுவார், அவன் போடுகிற சத்தத்தில் லயத்தில் அடுத்த வீட்டுக் காம்பராவில் தூங்குகிற பிள்ளையும் எழுந்துவிடும்.

அந்தக் கணக்கப்பிள்ளை என் அப்பா. பாட்டு டிவிசன் முழுக்கப் பரவி, அவர் தராசைத் தொட்டாலே வரிசையில் யாராவது 'கூடைக்கு ஒண்ணு போச்சோ' என்று முனகுவார்கள். அப்பா முதலில் சத்தம் போட்டுப் பார்த்தார், பிறகு காது கேட்காத மாதிரி இருந்துவிட்டார். எனக்குத்தான் பள்ளிக்கூடத்தில் 'ரெண்டு கிலோ' என்று பட்டப்பெயர். துரை (தோட்ட மேனேஜர்) சொன்னதைத்தான் அவர் செய்தார் என்று இன்றைக்கும் நான் வாதாடுவேன், ஆனால் தினமும் கழித்ததும் உண்மைதான், நானே பார்த்திருக்கிறேன்.

இனிமேல் அனுப்பினால் அக்கா பெயரைப் போட்டு அனுப்புங்கள், அந்த வயலினையும் எடுத்துவிடுங்கள். இதற்குப் பின்னால் இன்னும் இரண்டு வரி உண்டு, தராசு முள்ளைக் கேலி செய்து ஏதோ வரும், எனக்கு மறந்துபோய்விட்டது. அந்தப் 13 கிலோ இப்போது தோஹாவில் இருக்கிறான், இங்கே வருகிற எல்லாவற்றையும் படிக்கிறான், ஒரு வரி பதில் போட மாட்டான். தம்பி, அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டு எழுது. என் அப்பாவைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை, அப்படியே எழுது.