ட்ரீ ஸ்டாண்டுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் (ஞாயிற்றுக்கிழமைக்குள்)

செ., மிச்சிகன்:

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் ஊர் வார இறுதித் தமிழ் வகுப்பின் ஆண்டு மலர் ஞாயிறு இரவு அச்சுக்குப் போகிறது. மேல்வகுப்புப் பையன் ஒருவன், பக்கத்து வீட்டுக்காரரோடு வில்வேட்டைக்குப் போன கதையை எழுதிக் கொடுத்திருக்கிறான். வழக்கமாக "கோடை விடுமுறையில் பாட்டி வீட்டுக்குப் போனேன்" ரகம்தான் வரும், இதை வாசித்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். தமிழும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் பத்திக்குப் பத்தி "ட்ரீ ஸ்டாண்ட்" என்று வருகிறது.

தெரியாதவர்களுக்காக: இங்கே வில்வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 14 வரை. அப்புறம் மாதக் கடைசி வரை துப்பாக்கிக்காரர்கள் முறை, டிசம்பரில் மறுபடி வில். இரை வெண்வால் மான். துரத்திப் போவதெல்லாம் இல்லை. ஓக் மரங்கள் காய் உதிர்க்கிற இடமாகப் பார்த்து, தோதான ஒரு மரத்தில் பதினைந்து இருபது அடி உயரத்தில், இரும்பிலோ அலுமினியத்திலோ செய்த சின்னத் தட்டையும் இருக்கையையும் வார் போட்டு இறுக்கிக் கட்டுவார்கள். விடியுமுன் ஏறி உட்கார்ந்துவிட வேண்டும். வில் கையில் இருக்கக் கூடாது, தரையிலிருந்தே உடம்பில் போட்ட வாரை மரத்தோடு மாட்டிக்கொண்டு ஏறி, மேலே போன பிறகு கயிற்றில் கட்டித் தூக்கிக்கொள்வது. மான் இருபது முப்பது கஜத்துக்குள் வந்து பக்கவாட்டில் நின்றால்தான் அம்பு, இல்லாவிட்டால் இறங்கி வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

அந்தத் தட்டும் இருக்கையும் சேர்ந்ததற்குத்தான் பெயர் வேண்டும். ஓக், அதன் காய், உடம்பில் மாட்டும் ஹார்னஸ் இவற்றுக்கும் யோசனை இருந்தால் சொல்லுங்கள், ஆனால் முதலில் ஸ்டாண்ட்.

இரா., தஞ்சாவூர்:

புதுச்சொல் எதற்கு? இதணம் இருக்கிறதே. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் தினைப்புனம் காக்க எதில் ஏறுகிறார்கள்? மரமிசைச் சேணோன் இழைத்த புலி அஞ்சு இதணம். "மரமிசை" என்று கபிலரே விளக்கம் கொடுத்துவிட்டார். இதண் என்று சுருக்கியும் சொல்லலாம். போதாதென்றால் கழுது, பணவை, மிடை. வீட்டில் இத்தனை குடம் தண்ணீர் இருக்க ஆங்கிலக்காரன் குழாயடியில் ஏன் நிற்க வேண்டும்?

கு., கோவை:

ஐயா, கழுதுக்குப் பேய் என்றும் பொருள் உண்டு. "நான் அதிகாலையில் கழுதில் ஏறினேன்" என்று அச்சாகி, அச்சுக்கோப்பவர் ஒரு ஐகாரத்தையும் சேர்த்துவிட்டால் பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள்.

இதணம் நல்ல சொல்தான். அதைச் சொன்னதும் புரிந்துகொள்கிறவர்கள் இந்தக் குழுவில் ஒரு கைவிரலுக்குள். சத்தியமங்கலம் பக்கம் காட்டை ஒட்டித் தோட்டம் வைத்திருப்பவர்கள் யானைக்கும் பன்றிக்கும் காவலாக மரத்தில் கட்டிப் படுப்பது பரண். "ராத்திரி பரணுக்குப் போறேன்" என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். சொல் உயிரோடு இருக்கும்போது கல்வெட்டைத் தோண்டுவானேன்? மரப்பரண் என்று போட்டு முடியுங்கள்.

இரா., தஞ்சாவூர்:

முடியாது. மரப்பெட்டி, மரக்குதிரை, மரப்பாச்சி. மரத்தால் ஆனது. மரப்பரண் என்றால் கேட்பவன் காதில் மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகையாகத்தான் விழும். செ. சொல்வதோ அலுமினியம். அலுமினிய மரப்பரண் என்று எழுதுவாரா?

கூடவே, பரண் என்றால் நகரத்துப் பிள்ளைகளுக்கு அடுப்படிக்கு மேலே பழைய அண்டாவும் கொலுப் படியும் கிடக்கிற இடம். மான் அங்கே வராது.

ம., டொராண்டோ:

இரா. ஐயா சொன்ன மரப்பரண் சிக்கலுக்கு வழி இருக்குது பாருங்கோ. அத்துச் சாரியையைப் போட்டால் சரி. மரக்கிளை, மரத்துக்கிளை. மரத்துப்பரண் எண்டால் மரத்தில் உள்ள பரண்தான், மரத்தால் ஆனது எண்டு ஒருத்தரும் நினைக்க மாட்டினம். எங்கட வன்னியிலையும் பயிருக்குக் காவல் இருக்கிறதுக்கு மரத்தில பரண் கட்டுறதுதான், அதுக்கு வேற பேர் நான் கேள்விப்படேல்லை. ஆகவே ரெண்டு கரையிலையும் ஒரே சொல். இது லேசில கிடைக்கிற விசயம் இல்லை.

செ., மிச்சிகன்:

ம. சொன்ன கடைசி வரி எனக்குப் பெரிய காரணம். ஆனால் மரத்துப்பரண் என்றதும் என் மனைவி கேட்டது, "எது மரத்துப் போச்சு?" பையனின் கட்டுரையிலேயே அடுத்த வரி "இரண்டு மணி நேரத்தில் கால் மரத்துப்போனது" என்று வருகிறது. மரத்துப்பரணில் மரத்துப்போன கால். சிலேடை என்று பாராட்டுவார்கள், அல்லது பிழை என்று கடிதம் வரும்.

பா., பெங்களூரு:

இந்தியாவில் வேட்டைக்காரர்கள் மச்சான் என்றுதான் சொன்னார்கள். நம்முடைய மச்சு, மச்சுவீடு என்பதிலிருந்து போன சொல் அது. மச்சு என்றால் மேல்தளம், அதில் ஆன் சேர்ந்து மச்சான். வடக்கே போய் ஆங்கிலத்தில் ஏறித் திரும்பி வருகிறது. நம் பொருளை நாமே எடுத்துக்கொள்வோம்.

இரா., தஞ்சாவூர்:

அது இந்தி மசான். மூலம் வடமொழி மஞ்ச. நம் மஞ்சமும் அங்கிருந்து வந்ததுதான். மச்சு அதே குடும்பமா, தனிக் குடும்பமா என்று ஒரு நாள் முழுக்கப் பேசலாம், ஆனால் "ஆன் சேர்ந்து" என்று போகிற போக்கில் சொல்லக் கூடாது. எந்த ஆன்? ஆண்பால் விகுதியா?

செ., மிச்சிகன்:

எதுவாக இருந்தாலும் "மச்சான்மேல் ஏறி உட்கார்ந்து மானுக்காகக் காத்திருந்தேன்" என்று சிறுவர் மலரில் போட மாட்டேன்.

வி., சென்னை:

குறுக்கே வருகிறேன். 1972 வனவுயிர்ச் சட்டத்துக்குப் பிறகு நம் ஊரில் மான் வேட்டை குற்றம். பிள்ளைகள் மலரில் இதை வெளியிடுவதும், நாம் உட்கார்ந்து அதற்குச் சொல் தேடுவதும் சரிதானா?

செ., மிச்சிகன்:

நியாயமான கேள்வி. இங்கே உரிமம் எடுத்து, பருவம் பார்த்துச் செய்கிற காரியம் இது. 1960இலோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்று காட்ட வேண்டும். ஓநாயும் பூமா என்கிற மலைச்சிங்கமும் போய்விட்ட தென்மிச்சிகனில் மான் பெருகிக் காரில் வந்து மோதுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் குடும்பம் குளிர்காலம் முழுக்க அந்தக் கறியைத்தான் சாப்பிடுகிறது. பிடிக்காதவர்கள் இருக்கலாம், பையன் கண்டதை எழுதியிருக்கிறான், நான் சொல்லை மட்டும் திருத்துகிறேன்.

த., தூத்துக்குடி:

எனக்கு ஒரு சந்தேகம். பதினைந்து இருபது அடிக்கு எப்படி ஏறுகிறார்கள்? ஏணியா?

செ., மிச்சிகன்:

மூன்று வகை. ஒன்றில் ஏணியும் இருக்கையும் ஒரே சட்டமாக இருக்கும், மரத்தில் சாய்த்துக் கட்டுவது, பையன் ஏறியது இதில்தான். இரண்டாவது, மரத்தில் தொங்கவிட்டு வார் போடுகிற தட்டு, ஏறுவதற்குத் தனியே படிக்குச்சிகள் கட்ட வேண்டும். மூன்றாவது ஏறுகிற வகை: மேல்பாதி, கீழ்பாதி என்று இரண்டு துண்டு, இரண்டும் மரத்தைச் சுற்றிப் பிடித்திருக்கும். மேல்பாதியில் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டு, பாதம் மாட்டியிருக்கிற கீழ்பாதியை மேலே இழுப்பது, அப்புறம் அதில் நின்று மேல்பாதியை உயர்த்துவது. இப்படி மாற்றி மாற்றி. கிளை இல்லாத நேரான மரம் வேண்டும்.

த., தூத்துக்குடி:

அட, இது தளை! எங்கள் பக்கம் பனையேறுகிறவர்கள் காலில் தளைநார் மாட்டி, கையால் மரத்தை அணைத்து உடம்பை ஏற்றி, தளையை மேலே இழுத்து உதைத்து நிற்பார்கள். தத்துவம் ஒன்றேதான், அவர்களுக்கு உட்கார இருக்கை கிடையாது, அவ்வளவே. மூன்றாவதற்குத் தளைப்பரண் என்று வையுங்கள். முதலாவது ஏணிப்பரண், இரண்டாவது தொங்குபரண். பரண் என்று ஒரு அடிச்சொல் கிடைத்தால் வகை பிரிக்க எவ்வளவு வசதி பாருங்கள். ஏணி இதணம் என்று சொல்லிப் பாருங்கள், வாயில் நிற்கிறதா?

கு., கோவை:

தளைப்பரண்! இதற்காகவே இந்தக் குழுவில் இருக்கிறேன்.

இரா., தஞ்சாவூர்:

ஏணியிதணம். உடம்படுமெய் போட்டால் நிற்கும்.

அது கிடக்கட்டும். சேணோனைக் கவனித்தீர்களா? குறுந்தொகையிலும் வருகிறான், இரவில் கொள்ளி மாட்டி வைப்பவன். சேண் என்றால் உயரம், தொலைவு. உயரத்தில் இருப்பவன் சேணோன். செ. கேட்கிற ஹார்னஸுக்குச் சேணம் என்பதே பொருத்தம் என்று தோன்றுகிறது, உயரத்தில் இருப்பவன் அணிவது.

கு., கோவை:

சேணம் குதிரைக்குப் போடுவது ஐயா. சேணுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

செ., மிச்சிகன்:

வேடிக்கை என்னவென்றால், தட்டே பெரிதாக இல்லாமல் இடுப்பில் ஒரு துணித் தொட்டிலைக் கட்டி மரத்திலிருந்து சாய்ந்து தொங்குகிற முறை இப்போது பரவி வருகிறது. அதை இவர்களே குதிரைச் சேணத்தின் பெயரால்தான் சொல்கிறார்கள். ஆகவே சேணத்தை அதற்கு ஒதுக்கிவிடுவோம். ஹார்னஸ் வேறு: தோள், மார்பு, தொடை மூன்றையும் சுற்றி வருகிற வார், தவறி விழுந்தால் பிடித்துக்கொள்ள.

ம., டொராண்டோ:

காப்புவார் எண்டு வைக்கலாம். விழுந்து தொங்கினாலும் ஆபத்துத்தான், தொடை வார் நெரிச்சு இரத்த ஓட்டம் நிண்டு போகும், அதுக்காகக் கால் ஊன்ற ஒரு சின்னக் கயிறும் வச்சிருக்க வேணும். அதையும் தம்பி எழுதினவரோ தெரியேல்லை.

தொங்கிறது எண்டதும் ஞாபகம் வருகுது. பைபிளில அப்சலோம் கோவேறு கழுதையில போகேக்க தலை மாட்டித் தொங்கினது கர்வாலி மரத்தில. ஓக்குக்குப் பழைய தமிழ் மொழிபெயர்ப்பில அதுதான் சொல். இப்ப இணையத்தில கருவாலி எண்டும் எழுதினம். வீட்டில பைபிள் வாசிக்கிற பிள்ளையளுக்குப் பழக்கமான சொல்.

கு., கோவை:

ஓக் என்றே விட்டால் வால்பாறைக்காரர்களும் நீலகிரிக்காரர்களும் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக்கை நினைப்பார்கள். அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, ஓக் குடும்பமே இல்லை, மான் தின்கிற கொட்டையும் அதில் கிடையாது. ஆகவே கருவாலிக்கு என் ஓட்டு.

ந., பாளையங்கோட்டை:

சித்த மருத்துவன் என்ற முறையில் சொல்கிறேன். ஓக் தமிழனுக்குத் தெரியாத மரம் இல்லை. எந்த நாட்டு மருந்துக்கடையிலும் மாசிக்காய் கிடைக்கும், குழந்தை நாக்கில் உரசித் தடவாத பாட்டி உண்டா? அது பாரசீகப் பக்கத்து ஓக் மரத்தில் வருவது. மாசிக்காய் மரம் என்று வைத்தால் பொருளும் புரியும், துவர்ப்பும் புரியும்.

செ., மிச்சிகன்:

ஐயா, மாசிக்காய் காயே இல்லையே. குளவி முட்டையிட்ட இடத்தில் மரம் வீங்கி உண்டாக்கும் உருண்டை. பையன் எழுதியிருப்பது நிஜமான கொட்டை, அடியில் சின்னத் தொப்பி போட்டது. இரண்டையும் ஒரே பெயரில் சொன்னால் குழம்பும்.

ஆனால் துவர்ப்பு பற்றி நீங்கள் சொன்னது கட்டுரைக்கே மையம். வெள்ளை ஓக்கின் கொட்டை ஒரே ஆண்டில் முற்றி இலையுதிர்கால முதலிலேயே உதிரும், துவர்ப்புக் குறைவு, மான் தேடி வந்து தின்னும். சிவப்பு ஓக்கின் கொட்டை முற்ற இரண்டு ஆண்டு, துவர்ப்பு அதிகம், வெள்ளை தீர்ந்த பிறகுதான் அதைச் சீண்டும். பக்கத்து வீட்டுக்காரர் பையனுக்கு முதலில் காட்டிக் கொடுத்ததே இலையைத்தான்: விளிம்பு உருண்டிருந்தால் வெள்ளை, முனை கூராக முள்மாதிரி நீண்டிருந்தால் சிவப்பு. வெள்ளை ஓக் எங்கே இருக்கிறது, காலையில் காற்று எந்தப் பக்கம் போகிறது, இரண்டையும் பார்த்துத்தான் பரண் கட்டினார்களாம். மனித வாடை மூக்கில் பட்டால் மான் காலால் தரையைத் தட்டி, சீறி, வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடும்.

(பாருங்கள், நானே பரண் என்று எழுதத் தொடங்கிவிட்டேன்.)

இரா., தஞ்சாவூர்:

அந்த மான் கலையா பிணையா? கட்டுரையில் "ஆண் மான்" என்று இருந்தால் கலை என்று திருத்துங்கள். குட்டிக்கு மறி. தொல்காப்பியம் மரபியலைப் பிள்ளைகளுக்கு வேறு எங்கே சொல்லித் தருவது?

செ., மிச்சிகன்:

"கலை வந்தது" என்று எழுதினால் ஓவியப் போட்டி என்று நினைப்பார்கள். கலைமான் என்று போட்டிருக்கிறேன்.

சரி, இன்று சனி இரவு. பக்கம் கட்டுபவர் இரண்டு முறை தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். முதல் இடத்தில் "மரத்தில் கட்டிய ஏணிப்பரண்", பிறகு எல்லா இடத்திலும் வெறும் பரண். காப்புவார். கருவாலி மரம், கருவாலிக்கொட்டை, முதல் முறை மட்டும் ஓக் என்று ஒரு விளக்கம். பையனிடம் கேட்டேன், அவனுக்குப் பரண் பிடித்திருக்கிறது, இதணத்தை அவனால் இரண்டாம் முறை சொல்ல முடியவில்லை. தளைப்பரணுக்குக் கட்டுரையில் இடமில்லை, வருத்தம்தான்.

த., தூத்துக்குடி:

பரவாயில்லை, அடுத்த வருடம் வேறு பையன் ஏறுவான்.

இரா., தஞ்சாவூர்:

பெரும்பான்மை சோர்ந்துபோய்ப் பரண் என்கிறது, ஒப்புக்கொள்ளவில்லை என்று பதிவு செய்கிறேன். அடிக்குறிப்பிலாவது இதணத்தைப் போடுங்கள்.

செ., மிச்சிகன்:

போட்டாயிற்று ஐயா, குறிஞ்சிப்பாட்டு என்ற பெயரோடு.

ந., பாளையங்கோட்டை:

குளவி வீக்கமாகவே இருக்கட்டும், மக்கள் அதைக் காய் என்றுதானே சொல்கிறார்கள்? கருவாலி எந்தக் கடையில் கிடைக்கும்? இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.