தலையசைத்து ‘ஆமாம்’ என்றார், ஆனால் சம்மதிக்கவில்லை. எதைத் தவறவிட்டேன்?

மின்மினி எழுதியது:

வணக்கம் நண்பர்களே. மென்பொருள் வேலையில் இருக்கிறேன். எட்டு மாதமாக எங்கள் குழு ஒரு ஜப்பானிய வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறது. சோதனைப் பகுதியைப் பல்கேரியாவில் உள்ள ஒரு சிறு குழு பார்த்துக்கொள்கிறது. எல்லாம் வீடியோ கூட்டம்தான், யாரையும் நேரில் பார்த்ததில்லை.

போன மாதம் புதிய வடிவமைப்பை நான்தான் விளக்கினேன். முக்கால் மணி நேரம். எதிர்த்தரப்பில் மூத்தவர் ஒருவர் ஒவ்வொரு வரிக்கும் தலையசைத்து “ஹாய், ஹாய்” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஜப்பானிய மொழியில் அது ‘ஆமாம்’ என்பது எனக்குத் தெரியும். சரி, சம்மதம் கிடைத்துவிட்டது என்று அன்று மாலையே வேலையைத் தொடங்கச் சொல்லிவிட்டேன். மூன்றாம் நாள் மின்னஞ்சல் வந்தது. பழைய தரவை மாற்றும் பகுதியில் அவர்களுக்கு உடன்பாடு இல்லையாம். மூன்று பேரின் இரண்டு நாள் உழைப்பு வீணாயிற்று. மேலாளர் கேட்டபோது “அவர் ஆமாம் என்றாரே” என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

அதே வாரம் பல்கேரியக் குழுவில் ஒரு பெண்ணிடம் சோதனை முடிந்ததா என்று கேட்டேன். மைக்கை அணைத்து வைத்திருந்தார். தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்டினார். முடியவில்லை என்று குறித்துக்கொண்டேன். ஆனால் முடிந்திருந்தது.

எந்த நாட்டில் எந்தச் சைகைக்கு என்ன பொருள் என்று பட்டியல் இருந்தால் மனப்பாடமே செய்துவிடுகிறேன். வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

---

ஊர்சுற்றி எழுதியது:

பட்டியலில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில. கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்த வளையம் அமெரிக்காவில் ‘சரி’. ஜப்பானில் அது பணம், பிரான்சில் ‘சைபர், ஒன்றுக்கும் உதவாது’, பிரேசிலில் ஆபாசம். ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையை ஒருவர் முகத்துக்கு நேரே நீட்டுவது கிரேக்கத்தில் பெரிய அவமதிப்பு. 1992இல் அமெரிக்க அதிபராக இருந்த மூத்த ஜார்ஜ் புஷ், கான்பெராவில் காருக்குள் இருந்தபடி இரண்டு விரலை ‘வி’ போலக் காட்டினார். புறங்கை வெளியே தெரியும்படி காட்டிவிட்டார். ஆஸ்திரேலியாவில் அது வசவு. சுற்றிலும் அத்தனை உதவியாளர்கள் இருந்தும் இது நடந்தது.

நாம் தெரிவிப்பதில் 93 சதவீதம் சொல்லில் இல்லை என்று ஆராய்ச்சியே இருக்கிறது. அதனால் பட்டியல் தேவைதான்.

---

மொழிப்பாலம் எழுதியது:

மின்மினி, 14 ஆண்டுகளாக ஜப்பானிய மொழியில் துபாஷி வேலை செய்கிறேன். உங்களுக்கு நடந்ததைப் பலருக்கு நடக்கக் கண்டிருக்கிறேன், எனக்கும் நடந்திருக்கிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பெரியவர் செய்தது உம் கொட்டுவது, அவ்வளவுதான். கதை கேட்கும்போது நாம் ‘உம்’ போடுகிறோமே, அதனால் கதையை ஒப்புக்கொண்டோம் என்றா ஆகிவிடும்? ஜப்பானியர் இதை ‘ஐசுச்சி’ என்கிறார்கள். இரண்டு கொல்லர்கள் எதிரெதிரே நின்று மாறி மாறிச் சம்மட்டி போடுவதிலிருந்து வந்த சொல். நீங்கள் ஒரு அடி போட்டால் அவர் ஒரு அடி போட வேண்டும், போடாவிட்டால் வேலை நின்றுவிடும். “கேட்கிறேன், மேலே சொல்லுங்கள்” என்பதற்கு மேல் அந்த ‘ஹாய்’க்குப் பொருள் இல்லை.

அவர்கள் மறுப்பது வேறு விதமாக இருக்கும். பல்லிடுக்கில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூச்சை உள்ளே இழுப்பார்கள். தலை ஒரு பக்கம் லேசாகச் சாயும். “சோ தெசு நே...” என்று, நம் ‘அது வந்து...’ போல, இழுவையாக ஒரு வார்த்தை வரும். “முசுகாஷீ”, அதாவது ‘கடினம்’, என்று சொல்லிவிட்டால் பெரும்பாலும் முடியாது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

என் மூன்றாம் ஆண்டில் ஒரு கூட்டம். இயந்திரத்தை இரண்டு வாரம் முன்னதாக அனுப்ப முடியுமா என்று எங்கள் தரப்பில் கேட்டார்கள். எதிரில் இருந்த பொறியாளர் பேனாவை மூடினார். நோட்டுப் புத்தகத்தின் விளிம்புக்கு இணையாக அதை மெதுவாக வைத்தார். மூச்சை உள்ளே இழுத்தார். பிறகுதான் “பரிசீலிக்கிறோம்” என்றார். நான் சொல்லை மட்டும் பெயர்த்தேன். பேனாவையும் மூச்சையும் என் கண்ணால் பார்த்தும் சொல்லவில்லை. எங்கள் தரப்பு அந்த ஒற்றைச் சொல்லை நம்பி லாரி, ஆட்கள் எல்லாம் ஏற்பாடு செய்துவிட்டது. இயந்திரம் முதலில் சொன்ன தேதியில்தான் வந்தது. அன்றிலிருந்து “சொன்னது இது, ஆனால் தயக்கம் தெரிகிறது” என்று சேர்த்தே சொல்கிறேன்.

இடைவெளியையும் கவனியுங்கள். 2009இல் பத்து மொழிகளில் ஓர் ஆய்வு வந்தது. ஆமாம்-இல்லை கேள்விக்குப் பதில் வர எத்தனை நேரம் ஆகிறது என்று அளந்தார்கள். எல்லா மொழிக்கும் சராசரி சுமார் 0.2 நொடி. ஜப்பானியர்தான் அதிவேகம், இடைவெளியே இல்லாத மாதிரி. டேனிஷ்காரர்களுக்குக் கிட்டத்தட்ட அரை நொடி. டென்மார்க்கில் அரை நொடி மௌனம் சாதாரணம். கேட்டவுடன் பதில் சொல்லும் ஜப்பானியர் அதே அளவு தாமதித்தால் ஏதோ இடிக்கிறது. ஒரு எச்சரிக்கை, வீடியோவில் இணைப்பே தாமதத்தைச் சேர்க்கும். அங்கே இந்தக் கணக்கை நம்பாமல் மூச்சையும் தலைச்சாய்வையும் பாருங்கள்.

ஊர்சுற்றி, 93 சதவீதம் என்பதை ஏற்க மாட்டேன். அது 1967இல் உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் செய்த சோதனைகளிலிருந்து வந்தது. தனிச் சொற்கள், குரல் தொனி, முகப் படங்கள் ஆகியவற்றை வைத்து, ஒருவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்பதை மட்டும் பார்த்தார். பேச்சு முழுவதற்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். தெரியாத மொழியில் ஒருவர் பேசுவதைப் பார்த்தால் 93 சதவீதம் புரிந்துவிடுமா என்ன?

மின்மினிக்கு இரண்டே யோசனை. “சரியா?” என்று கேட்காதீர்கள், அதற்கு எப்போதும் ‘ஹாய்’தான் வரும். “இதில் எந்தப் பகுதி உங்களுக்குச் சிரமம் தரும்?” என்று கேட்டுவிட்டு வாயைத் திறக்காமல் காத்திருங்கள். இரண்டாவது, கூட்டத்துக்கு முன்பே வரைவை அவர்கள் குழுவில் உங்களோடு தினமும் பழகுகிறவருக்கு அனுப்பிக் கருத்துக் கேளுங்கள். அவர்கள் இதை ‘நெமவாஷி’ என்பார்கள். மரத்தை வேரோடு வேறு இடத்தில் நடுவதற்கு முன் வேரைச் சுற்றி மண்ணைத் தோண்டிப் பக்குவப்படுத்துகிற வேலையின் பெயர். முடிவு அங்கேதான் உருவாகும்.

---

கருங்கடல் எழுதியது:

பல்கேரியாவில் ஆறு ஆண்டு படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே தலையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ‘ஆமாம்’. தாடையை வெடுக்கென்று மேலே தூக்கினால் ‘இல்லை’. இதை ஒரு வாரத்தில் பழகிவிடலாம். சிக்கல் அதற்கு அப்புறம்தான். வெளிநாட்டவரோடு பழகியவர்கள் உங்களுக்காகத் தங்கள் தலையசைப்பை மாற்றிக்கொள்வார்கள். எதிரில் இருப்பவர் மாற்றிக்கொண்டாரா இல்லையா என்று நமக்குத் தெரியாது. முதல் ஆண்டில் ஒரு கடைக்காரரிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டிருக்கிறேன். ‘தா’ என்றால் ஆமாம், ‘நே’ என்றால் இல்லை. காதை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

எல்லை தாண்டிக் கிரேக்கத்துக்குப் போனால் ‘நே’ என்பதுதான் ‘ஆமாம்’! தலையைப் பின்னால் சாய்த்து நாக்கால் ‘ச்’ கொட்டினால் ‘இல்லை’. துருக்கியிலும் தெற்கு இத்தாலியிலும் இதே வழக்கம். 1970களில் விலங்கியலாளர் டெஸ்மண்ட் மோரிஸ் குழுவினர் இத்தாலியில் ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். பின்பக்கம் சாயும் தலை நேப்பிள்ஸுக்குச் சற்று வடக்கே நின்றுவிடுகிறது. பழங்காலத்தில் கிரேக்கர்கள் குடியேறியதும் அந்தத் தெற்குப் பகுதிதான். இத்தனை நூற்றாண்டாக ஒரு தலையசைப்பு நிலைத்திருப்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பு அடங்கவில்லை.

---

மின்மினி எழுதியது:

மொழிப்பாலம் அக்கா, கருங்கடல், ஊர்சுற்றி, எல்லோருக்கும் நன்றி. நீங்கள் எழுதியதைப் படித்தபின் அந்தக் கூட்டத்தின் பதிவை ஒலி இல்லாமல் ஓட்டிப் பார்த்தேன். 31ஆம் நிமிடம், தரவு மாற்றும் பக்கம். அதுவரை சீராக மேலும் கீழும் ஆடிய தலை அங்கே நிற்கிறது. வலப்பக்கம் சாய்கிறது. உதடு லேசாகப் பிரிகிறது. நான் அந்த நேரத்தில் அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இன்னொன்றும் பார்த்தேன். அவர்கள் கேட்ட கேள்விகளுக்கு நான் ‘சரி சரி’ என்று தலையை இரண்டு பக்கமும் சாய்த்துச் சாய்த்து ஆட்டியிருக்கிறேன். நம் எல்லோருக்கும் பழகிய ஆட்டம்தான். அவர்களுக்கு அது ‘ஆமாம்’ என்று தெரிந்ததா, ‘பார்க்கலாம்’ என்று தெரிந்ததா? ஒரு இடத்தில் அந்தப் பெரியவர் அதே கேள்வியை வேறு சொற்களில் திரும்பக் கேட்கிறார். இப்போதுதான் காரணம் புரிகிறது.

அக்கா, கேமராவை அணைத்துவிட்டால் என்ன செய்வது?

---

மொழிப்பாலம் எழுதியது:

அணைத்தால் உம் கொட்டும் சத்தத்தைக் கேளுங்கள். அது நின்ற இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். உங்கள் பக்கத்துக் கேமராவை மட்டும் அணைக்காதீர்கள். தலையாட்டும்போது வாயாலும் “ஆமாம், செய்கிறோம்” என்று முழுதாகச் சொல்லிவிடுங்கள்.

---

மின்மினி எழுதியது:

நேற்று கூட்டம் நடந்தது. வரைவை முன்பே அனுப்பியிருந்தேன். “எந்தப் பகுதி சிரமம் தரும்?” என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். பெரியவர் தலையைச் சாய்த்து மூச்சை இழுத்தார். பேசிவிடலாம் என்று நாக்கு நுனி வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். திரையின் மூலையில் கடிகாரம் ஓடியது, ஒன்பது நொடி. பிறகு அவர் பக்கத்தில் இருந்த இளம்பெண் மைக்கைத் திறந்தார். பழைய பதிவுகளில் ஆண்டு மேற்கத்திய முறையில் இல்லை, பேரரசர் ஆட்சி ஆண்டில் இருக்கிறது, அதை மாற்றும்போது தவறு வரும் என்று பயம் என்றார். அதற்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறோம்.