கேரவன் வேனில் ஏசி போட்டால் பிளக் உருகுகிறது. எம்சிபி ஏன் விழவில்லை?

நாகர்கோவில் வேன்வீடு:
பழைய டிராவலர் வேன் ஒன்றை வாங்கிக் கட்டில், அடுப்பு, 1.5 டன் ஸ்ப்ளிட் ஏசி எல்லாம் வைத்துக் கேரவனாக மாற்றியிருக்கிறேன். ஏசி சாதாரண ரகம், இன்வெர்ட்டர் ஏசி இல்லை. போன சனிக்கிழமை சொத்தவிளைப் பக்கம் தெரிந்தவர் வீட்டு முற்றத்தில் வண்டியை நிறுத்தி, அவர்கள் ஹாலில் இருந்து கேபிள் ரீல் வழியாகக் கரண்ட் எடுத்தோம். ராத்திரி ஒன்பதரைக்குக் கருகின மீன் வாடை. பக்கத்து வீட்டில் பொரிக்கிறார்கள் என்று நினைத்துவிட்டோம். பதினோரு மணிக்கும் வாடை போகாததால் எழுந்து பார்த்தால், ரீலில் சொருகியிருந்த பிளக்கில் கை வைக்க முடியவில்லை. ஒரு பின்னைச் சுற்றி பிளாஸ்டிக் பழுப்பாகி இளகியிருந்தது. வேனில் 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) உண்டு, அந்த வீட்டிலும் உண்டு. இரண்டும் விழவில்லை. எம்சிபி கெட்டுவிட்டதா?

முட்டத்துக்காரன்:
என் வண்டியில் ஏசி போட்டாலே எம்சிபி விழும். 32 ஆம்பியர் மாட்டினேன், அன்றோடு தொல்லை விட்டது. நீங்களும் மாற்றிப் பாருங்கள்.

மார்த்தாண்டம் வயர்மேன்:
முட்டத்து அண்ணே, முதலில் உங்களுக்கு. எம்சிபி இருப்பது வயரைக் காப்பாற்ற. 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயருக்கு 32 போட்டால், இனி எம்சிபிக்கு முன்னால் வயர் வேகும். இன்றே மாற்றுங்கள். அது ஏன் விழுந்தது என்று பார்த்திருக்க வேண்டும். கடலோரத்தில் ஏசி அவுட்டோர் தகடுகளில் உப்பும் தூசியும் அப்பிக்கொண்டால், சூடு வெளியே போகாமல் கம்ப்ரஸர் கூடுதல் கரண்ட் இழுக்கும். நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பிரஷர் அடித்தால் தகடு மடங்கும்.

இனி தம்பிக்கு. அந்த மீன் வாடை, சூடேறின பிளக்கின் பிளாஸ்டிக்கில் இருந்து வருவது. நம்ம கடற்கரையில் அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்!

எம்சிபி கெடவில்லை. தன் வழியாக எத்தனை ஆம்பியர் போகிறது என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். உங்கள் ஏசி ஓடும்போது எடுப்பது ஏறக்குறைய 8 ஆம்பியர், அதாவது 16-இல் பாதி. பிளக்குக்குள் ஸ்க்ரூ லூசாக இருப்பது அதற்கு எப்படித் தெரியும்? லூசான இடத்தில் அரை ஓம் தடை இருந்தாலே 32 வாட் சூடு வரும். என் சால்டரிங் அயனே 25 வாட்தான்!

வேன் குலுங்குவதால் ஸ்க்ரூ இளகுவது சகஜம். வயர் நுனியை வெறுமனே முறுக்கிச் சொருகாமல் லக் (நுனியில் நசுக்கி மாட்டும் உலோக முனை) அடித்து இறுக்குங்கள். ஈயம் வைத்துக் கெட்டியாக்குகிறார்கள் சிலர், அது வேண்டாம். ஈயம் ஸ்க்ரூவுக்கு அடியில் நாளடைவில் நசுங்கி மறுபடி லூசாகிவிடும். பச்சைக் களிம்பு பிடித்த செம்பு என்றால் அந்தத் துண்டை வெட்டி எறியுங்கள்.

ரீலைச் சுற்றி வைத்தபடியே ஓட்டினீர்களா? சாக்கெட் 6 ஆம்பியரா, 16-ஆ?

நாகர்கோவில் வேன்வீடு:
சுற்றியபடிதான் அண்ணே. பாதிகூட அவிழ்க்கவில்லை. சாக்கெட் 6 ஆம்பியர். வேனைக் கட்டிக்கொடுத்த பட்டறைக்காரர்தான் அதற்கேற்ற சின்ன பிளக்கைப் போட்டுத் தந்தார்.

மார்த்தாண்டம் வயர்மேன்:
அப்படியானால் கேட்கவே வேண்டாம். 6 ஆம்பியர் சாக்கெட்டில் 8 ஆம்பியர், போதாததற்குச் சுற்றிய வயரில் சூடு உள்ளேயே அடைபடும். ரீலின் மேலேயே பாருங்கள், சுற்றியிருந்தால் இத்தனை வாட், அவிழ்த்தால் இத்தனை என்று இரண்டு கணக்கு போட்டிருக்கும். 16 ஆம்பியர் பிளக், 2.5 ஸ்கொயர் வயர், முழுக்க அவிழ்த்த கேபிள். வோல்டேஜ் குறைந்த நேரத்தில் ஸ்டெபிலைசரை நம்பி ஓட்டினாலும் கவனம். 180-ஐ அது 230 ஆக்க, முன்னால் உள்ள வயரில் 9, 10 ஆம்பியர் இழுக்கும். ஏசி போட்டு அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை, கை பொறுக்காவிட்டால் மெயினை அணைத்த பிறகே பிடுங்குங்கள்.

நாகர்கோவில் வேன்வீடு:
பிளக்கைத் திறந்தேன். நியூட்ரல் ஸ்க்ரூ விரலாலேயே சுற்றியது. எல்லாம் மாற்றி நேற்று வீட்டு வாசலிலேயே இரண்டு மணி நேரம் ஓட்டிவிட்டேன், பிளக் வெதுவெதுப்போடு நிற்கிறது. ஒரே குறை, 25 மீட்டர் கேபிள் முற்றம் முழுக்கக் கிடக்கிறது. அம்மா இரண்டு தடவை தடுக்கி விழப் பார்த்தாள்.